சாவியக்காவும் கிழித்துப்போட்ட சட்டமும்

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம் என்று சொல்கிற ஒரு தேர்வுக்கு, நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் எதற்காகச் சோறு இறங்காமல் தவிக்க வேண்டும்? பள்ளி இறுதித் தேர்வை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த எனக்கு அப்போது இதற்குப் பதில் தெரியவில்லை. எங்களையெல்லாம் கைக்குட்டையை உதறிக் காட்டச் சொன்ன பிறகுதான் உள்ளேயே விட்டார்கள். அவரோ சட்டம் முழுவதையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொள்ளலாம். அப்புறம் என்ன பயம்? பிற்பாடு அவரிடமும் அவரோடு வேலை செய்பவரிடமும் கேட்டுக் கேட்டு வாங்கிய கதை இது.

எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் இருக்கும் அவரை எல்லோரும் சாவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கம்பெனி நொடித்துப்போய் மஞ்சள் கடிதாசு கொடுத்துவிட்டால், அதை முறைப்படி மூடி, இருப்பதை விற்று, வரவேண்டியவர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பதற்கென்றே சில அலுவலகங்கள் உண்டு. அப்படி ஓர் அலுவலகத்தில் அவருக்கு வேலை. மூடுகிற இடத்துக்குள் முதலில் கால் வைப்பவர் அவர்தான். பூட்டை மாற்ற வேண்டும். பழைய சாவிகளை ஒவ்வொருவரிடமிருந்தும் வாங்கி அடையாளச் சீட்டுக் கட்ட வேண்டும். முதலாளியின் சுழல் நாற்காலியிலிருந்து கழிப்பறை வாளி வரைக்கும் எண்ணி எழுத வேண்டும். அவர் கைப்பையைத் தோளில் மாட்டினால் தெருமுனை வரைக்கும் சத்தம் கேட்கும். அவர் சோப்பு வாங்கப் போனால் கடைக்காரர், "அக்கா, வாங்க வந்தீங்களா, பூட்ட வந்தீங்களா?" என்பார். சாவியக்காவும் விடமாட்டார். "தராசைச் சரியாப் பிடிங்க, பூட்ட வேண்டியது வராது" என்பார்.

இத்தனையும் செய்தாலும் அவருக்குக் கையெழுத்துப் போடும் உரிமை கிடையாது. அது அலுவலகத்தின் தலைவி ஒருவருக்குத்தான். மேடம் என்று மட்டும் சொன்னால் போதும், அவர்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் புரியும். கடிதம் எழுதுவது சாவியக்கா, கணக்கு எடுப்பது சாவியக்கா, கீழே கையெழுத்து மேடமுடையது. மூடிய தொழிற்சாலை வாசலில் நிற்கிறவர்கள், எங்கள் சம்பளப் பாக்கி வருமா என்று கேட்பார்கள். பதில் நாக்கு நுனியில் இருக்கும். ஆனாலும், "மேடம்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு தையல் கம்பெனியை மூடப் போனபோது, பட்டன் தைக்கிற பெண் ஒருத்தி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப நீங்க சாவி வாங்கிட்டுப் போறவங்க மட்டும்தானா?" என்று கேட்டாள். கேட்டவள் அன்றே மறந்திருப்பாள். சாவியக்காவுக்கு அது முள்ளாய்த் தைத்துவிட்டது. தேறினால் தானே கையெழுத்துப் போடலாம் என்று, அந்த வாரமே நொடிப்புத் தொழில் உரிமத் தேர்வுக்குப் பணம் கட்டினார்.

மூன்று தாள்கள். முதல் தாளில் தேறியதிலிருந்து நான்கு வருடத்துக்குள் மூன்றிலும் தேறிவிட வேண்டும். தவறினால், தேறியதும் தேறாததாகிவிடும். மறுபடி அடியிலிருந்து ஏற வேண்டும். சாவியக்கா இரண்டில் தேறியிருந்தார். மூன்றாவது தாள் காலை வாரிக்கொண்டே இருந்தது. ஒரு தடவை மகளுக்கு அம்மை. ஒரு தடவை நேரம் போதவில்லை. இப்போது வந்திருப்பது நான்கு வருடத்துக்குள் வருகிற கடைசித் தேர்வு. இதை விட்டால் எல்லாம் போச்சு.

அதனால் தேர்வு விதிமுறைகளை அச்செடுத்துச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தார். கதவு போதாமல் சுவரிலும் ஏறியது. அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் நுழைவுச்சீட்டில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலில் மேல்தாள் ஒட்டியிருக்கக் கூடாது. சட்டப் புத்தகத்தில் அடிக்கோடு போடலாம். ஒரு வார்த்தைகூடக் கையால் எழுதக் கூடாது. பக்க அடையாளத்துக்கு வண்ணச் சீட்டு ஒட்டலாம். சீட்டு வெறுமையாக இருக்க வேண்டும். அறைக்குள் நுழையும்போது, தேர்வு எழுதும் உடல்நிலையில் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் பிறகு காய்ச்சல், தலைசுற்றல் என்று எதையும் காரணம் காட்ட முடியாது.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் அந்தக் கதவைப் பார்த்துவிட்டு, "ஆளு உள்ள மாட்டிக்கிட்டா என்ன பண்ணணும்னுகூட நாங்க இவ்வளவு எழுதி ஒட்ட மாட்டோம்" என்றார். சாவியக்கா வீட்டிலிருந்த பாட்டில்களின் மேல்தாளையெல்லாம் உரித்துப்போட்டிருந்தார். தரை துடைக்கிற மருந்து பாட்டிலும் அதில் அடக்கம். மூடியைத் திறந்து மோந்து பார்க்காமல் எதையும் குடிக்காதே என்று மகளுக்கு அப்பா தனியாக எச்சரிக்கை கொடுக்க வேண்டியிருந்தது.

இனி அவருடைய சட்டப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தைத்த புத்தகம் இல்லை. தடித்த ரிங் ஃபைலில் ஓட்டை போட்ட பக்கங்களைக் கோத்தது. சட்டத்தில் திருத்தம் வந்தால், பதிப்பகத்திலிருந்து புதுப் பக்கங்கள் மட்டும் ஒரு உறையில் வரும். பழைய பக்கத்தை உருவிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். அலுவலகத்தில் எல்லோருடைய ஃபைலுக்கும் இதைச் செய்பவர் சாவியக்காதான். உறை வந்த அன்று மாலையே செய்துவிடுவார். உருவிய பக்கங்களைக் கிழிக்கிற மெஷினில் போட்டு நூல் நூலாக்கிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். முன்பு ஒருமுறை யாரோ மறந்து விட்ட பழைய பக்கத்தைப் பார்த்துத் தவறான கெடுவைக் குறித்து அறிவிப்பு அனுப்பி, கடன் கொடுத்தவர்களின் கூட்டம் ஒன்றே செல்லாது என்றாகிவிட்டது. அன்றிலிருந்து அவர்கள் அலுவலகத்தில் பழைய பக்கம் என்றால் பாம்பு மாதிரி. கண்ணில் பட்டால் விடக் கூடாது.

தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஓர் உறை வந்தது. சாவியக்கா வழக்கம்போல எல்லோருடைய ஃபைலிலும் மாற்றினார். தன்னுடையதிலும் மாற்றினார். பழையதை மெஷினில் போட்டார். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினார்.

தேர்வு திங்கட்கிழமை. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு முடித்த பிறகு, மகள் சுவர் பக்கம் நாற்காலியைப் போட்டு ஏறி நின்று, டீச்சர் குரலில் விதிகளை வாசித்தாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். பேனா, ஆச்சு. பாட்டில், ஆச்சு. அட்டை, ஆச்சு. அப்புறம் அவள் வாசித்தாள்: "அறிவிப்பில் குறித்த தேதி வரை அமலில் இருந்த சட்டத்திலிருந்தே வினாக்கள் கேட்கப்படும். அந்தத் தேதிக்குப் பிந்தைய திருத்தங்கள் கொண்ட பக்கங்கள் தேர்வறைக்குள் அனுமதிக்கப்படமாட்டா. நகலெடுத்த பக்கங்களுக்கும் சொந்தமாக அச்செடுத்த பக்கங்களுக்கும் அனுமதி இல்லை."

ஆச்சு என்ற சொல் வரவில்லை. மகள் திரும்பிப் பார்த்தாள். அம்மா துடைத்துக்கொண்டிருந்த தட்டு கையிலேயே நின்றுவிட்டிருந்தது.

அந்த விதியை அவர் படிக்காதவர் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தவர். ஆனால் அமலில் உள்ள சட்டம் என்றால் இன்றைய சட்டம் என்றுதான் பதினான்கு வருட வேலை அவருக்குள் எழுதி வைத்திருந்தது. நேற்றைய சட்டம் அவருக்குக் குப்பை. தேர்வு எழுதுகிற மற்றவர்கள் வாங்கிய ஃபைலை வாங்கியபடியே வைத்திருப்பார்கள். நாள் தவறாமல் பக்கம் மாற்றுகிற இந்தக் கை மட்டும்தான் இப்படி ஒரு தப்பைச் செய்யும். அதுவும் போதாதென்று, கடைசி வாரங்களில் அவர் மனப்பாடம் செய்ததெல்லாம் புதுப் பக்கங்களைத்தான்.

"இப்ப என்னம்மா?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. இறங்கு, விழுந்துடாத."

சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். ஞாயிற்றுக்கிழமை, ஓர் ஆள் இல்லை. அலமாரியைத் திறந்து ஒவ்வொரு ஃபைலாகப் புரட்டினார். யாராவது ஒருவருடையதில், ஏதோ ஒரு மூலையில், தன் கைக்குத் தப்பிய பழைய பக்கம் இருக்காதா? இல்லை. அத்தனையும் சுத்தம். இப்படி ஒரு சுத்தத்தைச் செய்தவளை அவரே நாலு வார்த்தை திட்டினார். மெஷினுக்கு அடியில் இருந்த பைகூட வெள்ளிக்கிழமையே குப்பைக்குப் போயிருந்தது. பதிப்பகத்துக் கடை, நூலகம் எல்லாம் பூட்டு. அரசாங்க இணையதளத்தில் திருத்திய சட்டம் மட்டும் இருந்தது. அங்கேயும் யாரோ ஒரு சாவியக்கா இருக்கிறார் போலிருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். அப்போதுதான் அந்த இடம் நினைவுக்கு வந்தது.

ஊரின் மறுபக்கத்தில் ஒரு பயிற்சி நிலையம் இருந்தது. நொடிப்புத் தொழில் தேர்வுக்கே வகுப்பு எடுத்த இடம். மாணவர்களிடம் கட்டணம் வாங்கி, பெரிய கட்டடம் பிடித்து, குளிர்சாதனம் போட்டு, கடைசியில் அதுவே நொடித்துப்போனது. திவாலுக்குப் பாடம் நடத்தியவர்கள் செய்முறை விளக்கமும் கொடுத்துவிட்டார்கள் என்று அலுவலகத்தில் ஒரு வாரம் சிரித்தார்கள். அதை மூடியது மேடம். பூட்டு மாற்றியது சாவியக்கா. நூலக அலமாரியில் இருந்த சட்ட ஃபைல்களுக்கு எண் சீட்டுக் கட்டியதும் அவர்தான். மூடிய இடத்தில் யார் பக்கம் மாற்றுவார்கள்? பழைய சட்டம் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

சாவி கையில்தான் இருந்தது. ஆனாலும் மேடமுக்குப் போன் போட்டார். மேடம் வெளியூரில் மகள் வீட்டில் இருந்தார். சாவியக்கா நடந்ததைச் சொன்னார். மேடம் ஒன்றுதான் கேட்டார்.

"எடுக்கவா போற, படிக்கவா?"

"படிக்கத்தான் மேடம்."

"படி. தனியாப் போகாத, ஒருத்தரக் கூட்டிட்டுப் போ. போட்டோ எடுக்காத. அங்க இருக்கிற எதுவும் நம்முடையது இல்ல."

மூடிய இடத்துக்குள் ஒருவர் தனியாகப் போகக் கூடாது என்பது அவர்களின் வேலை வழக்கம். அதற்காகச் சாவியக்கா கூப்பிட்டது வாய்தாவை. அவரோடு வேலை செய்யும் இளைஞன். எதைக் கேட்டாலும் அடுத்த வாரம் என்பான். அதனால் நீதிமன்றத்தில் வழக்கைத் தள்ளிப்போடுகிற வார்த்தையே அவனுக்குப் பெயராகிவிட்டது. அவனும் இதே தேர்வுக்குப் பணம் கட்டியவன்தான். ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவைக்கு மாற்றிக்கொள்வான். அன்று மட்டும் தள்ளிப்போடாமல், தலைகூட வாராமல் வந்து நின்றான்.

"ஞாயித்துக்கிழமை தூங்குறவன எழுப்பிட்டியேக்கா."

"மணி மூணுடா."

"அதான் சொல்றேன்."

பயிற்சி நிலையத்தில் மின்சாரம் துண்டித்திருந்தார்கள். பூட்டிய அறைகளுக்கே உள்ள வாடை. வெள்ளைப் பலகையில் கடைசி வகுப்பு பாதி அழிந்தும் அழியாமலும் இருந்தது. பெஞ்சுகளில் சாவியக்கா கட்டிய எண் சீட்டுகள் தொங்கின. அலமாரியைத் திறந்து ஃபைலை எடுத்து, ஜன்னலோர பெஞ்சில் வைத்துப் புரட்டினார். இருந்தது. அவர் மெஷினில் போட்ட அதே பக்கங்கள், மடிப்புக் கலையாமல், பதிப்பகத்தின் அசல் அச்சில் இருந்தன.

அவருக்கு உயிர் வந்தது. வந்த கையோடு இன்னொரு நினைப்பும் வந்தது. அதை வாய்தா வாயால் சொன்னான்.

"அக்கா, இது எடைக்குப் போகப்போற காகிதம். பழைய சட்டத்த யாரு ஏலத்துல எடுப்பா? உருவிட்டுப் போ. நாளைக்குச் சாயங்காலம் நானே கொண்டுவந்து மாட்டிடறேன்."

"சும்மா இருடா."

"நான் வாசல்ல நிக்கிறேன். எனக்கு ஒரு போன் பேசணும்." அவன் வெளியே போய்விட்டான். போன் பேசுகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை.

சாவியக்கா வளையத்தின் இரண்டு முனையிலும் கட்டை விரலை வைத்து அழுத்தினார். டக்கென்று திறந்தது. காலி அறையில் அந்தச் சத்தம் கதவு உடைந்த மாதிரி கேட்டது. பக்கங்கள் தளர்ந்து நின்றன. இழுத்தால் போதும். நாளை மாலை திரும்பி வந்துவிடும். யாருக்கும் நஷ்டம் இல்லை. நான்கு வருடம் பிழைக்கும்.

அப்போது அவருக்கு ஒரு மேசை விசிறி நினைவுக்கு வந்தது. போன வருடம் மூடிய ஒரு கண்ணாடிக் கடையிலிருந்து, அவர்கள் அலுவலகத்து ஊழியர் ஒருவர் ஒரு விசிறியை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். குழந்தைக்கு வேர்க்குரு, வெயில் முடிந்ததும் கொண்டுவந்து வைத்துவிடுவேன் என்றார். எண்ணிக்கை உதைக்கிறதென்று முதலில் சொன்னவர் சாவியக்கா. அந்த ஊழியர் வேலையைவிட்டுப் போகும்போது, "திருப்பி வச்சிருப்பேன்க்கா, சத்தியமா வச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பொய் சொல்லவில்லை என்று சாவியக்காவுக்கு அன்றும் தெரியும்.

வளையத்தை அழுத்தி மூடினார். அதுவும் டக்கென்றது. வாய்தா எட்டிப் பார்த்தான்.

"முடிஞ்சதா?"

"இல்ல. உள்ள வந்து உக்காரு. நான் படிக்கிறேன், நீ கேள்வி கேளு."

அவன் தலையில் அடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான். ஜன்னல் வெளிச்சம் போகிறவரைக்கும் இரண்டு பேரும் அந்த பெஞ்சிலேயே கிடந்தார்கள். முக்கியமான பகுதி, மூடிய நிறுவனத்தின் பணத்தில் யாருக்கு முதலில் பங்கு என்கிற வரிசை. பழைய சட்டப்படி தொழிலாளியின் சம்பளப் பாக்கியில் நான்கு மாதத்துக்கு மட்டும் முன்னுரிமை. புதுத் திருத்தம் அதை ஆறு மாதமாக்கியிருந்தது. சாவியக்கா வாய் ஆறு ஆறு என்றே போனது. வாய்தா அவரை மடக்குவதற்கென்றே, "ஆறுதானேக்கா?" என்று இடையிடையே கேட்டான். முதலில் இரண்டு தடவை மாட்டிக்கொண்டார். அப்புறம், "நாலுடா, நாலு" என்று சொல்லத் தொடங்கினார். சொல்லும்போதெல்லாம், மூடிய வாசலில் நின்ற யாருடைய கையிலிருந்தோ எதையோ பிடுங்குவது போல இருந்தது. நல்லது செய்த சட்டத்தை மறந்து, செய்யாததை நினைவில் வைக்க வேண்டியிருந்தது.

எழுத்து மங்கி வரியே தெரியாமல் போன பிறகு ஃபைலை எடுத்த இடத்தில் வைத்தார். வெளியே பூட்டிவிட்டு வரும்போது வாய்தா கேட்டான், "நாளைக்கு இந்தப் பக்கம் இல்லாமத்தான் போவியா?"

"இருக்கிறத எடுத்துட்டுப் போவேன். புதுசைக் கழட்டிட்டா விதிப்படி தப்பில்லையே."

"உன் இடத்துல நானா இருந்தா பரீட்சைய அடுத்த தடவைக்கு மாத்திக்குவேன்."

"எனக்கு அடுத்த தடவை இல்லடா."

திங்கட்கிழமை காலை கணவர் தன் வண்டியில் தேர்வுக் கட்டடத்தின் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். சாவியக்கா குடித்த காபி பாதி வழியிலேயே வெளியே வந்துவிட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று கணவர் கேட்டார். உடம்பு சரியில்லை என்று ஒரு மருத்துவச் சான்று கொடுத்தால் இந்தத் தேர்வு கணக்கில் வராது என்பது உண்மைதான். ஆனால் நான்கு வருடக் கெடு காத்திருக்காது. அதற்குக் காய்ச்சலும் தெரியாது, வாந்தியும் தெரியாது. "போறேங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

உடல்நிலைக் கையெழுத்து வாங்குகிற மேசையில் வரிசை நகர்ந்தது. முன்னால் நின்றவர் எதுவும் படிக்காமல் கிறுக்கிவிட்டுப் போனார். சாவியக்கா ஒவ்வொரு வரியாகப் படித்தார். தேர்வு எழுதும் நிலையில் இருக்கிறேன். இருக்கிறேனா? எத்தனையோ வருடம் மேடமுடைய கையெழுத்துக்காகத் தாள்களை நீட்டியவர், தன் கையெழுத்தை இவ்வளவு யோசித்துப் போட்டதில்லை. போட்டார்.

அறைக்குள் மேற்பார்வையாளர் ஒவ்வொருவருடைய சட்டத்தையும் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். வயதான, மூக்கில் கண்ணாடி நழுவுகிற மனிதர். சாவியக்காவின் ஃபைலில் அந்த இடம் வந்ததும் விரல் நின்றது. பக்க எண்கள் தாவின.

"இங்க பக்கம் இல்லையே?"

"புதுத் திருத்தம் மாட்டியிருந்தேன் சார். கூடாதுன்னு கழட்டிட்டேன்."

"பழசு எங்க?"

"இல்ல சார்."

அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுச் சாவியக்காவைப் பார்த்தார். "இருக்கக் கூடாதது இருந்தாத்தான் நான் கேக்கணும். இல்லாததுக்கு என்கிட்ட விதி இல்லம்மா" என்று சொல்லி அடுத்த மேசைக்குப் போனார்.

வினாத்தாளைத் திறந்தால் நடுவில், பெரிய மதிப்பெண்ணோடு, ஒரு மரச்சாமான் தொழிற்சாலை நொடித்துப்போயிருந்தது. தொழிலாளர்களுக்குச் சம்பளப் பாக்கி. பங்கு வரிசையைக் காரணத்தோடு எழுதுக.

அக்கம்பக்கத்தில் பக்கம் புரட்டுகிற சத்தம் காற்று மாதிரி எழுந்தது. எல்லோரும் அந்த இடத்துக்குப் போகிறார்கள். சாவியக்காவின் ஃபைலில் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கண்ணை மூடினால் ஜன்னலும் பெஞ்சும் வாய்தாவின் பரட்டைத் தலையும் தெரிந்தன. எழுதத் தொடங்கினார். வரிசை வந்தது. காரணம் வந்தது. கை ஓடிக்கொண்டே போனது. சம்பளப் பாக்கிக்கு வந்ததும் மாதத்தை எழுதினார். எழுதியதைப் பார்த்தார். தப்பாகப் பட்டது. அடித்துவிட்டு மேலே இன்னொன்று எழுதினார். அடுத்த கேள்விக்குப் போனார். நேரம் முடிகிறது என்று குரல் வந்தது. தாளைக் கட்டிக் கொடுத்தார்.

வெளியே வந்து படிக்கட்டில் இறங்கும்போதுதான் அது அவரைப் பிடித்தது. எதை அடித்தேன்? நாலை எழுதி அடித்து ஆறு போட்டேனா, ஆறை எழுதி அடித்து நாலு போட்டேனா?

கணவர் வாசலில் நின்றிருந்தார். எப்படி எழுதினாய் என்று கேட்டதற்கு, "எதையோ அடிச்சேங்க" என்றார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

விடைத்தாளைத் திருப்பித் தரமாட்டார்கள், காட்டவும் மாட்டார்கள் என்பதும் விதி. முடிவு வரும் வரைக்கும் சாவியக்கா அந்த ஒரு வரியோடுதான் குடித்தனம் நடத்தினார். பால் பொங்கி வழியும்போது அடுப்பின் முன்னாலேயே நின்றுகொண்டு, பேனா எந்தப் பக்கம் சாய்ந்தது என்று யோசிப்பார். பேருந்தில் விரலால் தொடைமேல் இரண்டையும் எழுதிப் பார்ப்பார். ஒரு நாள் நாலு என்று சத்தியம் செய்யலாம் போலிருக்கும். மறுநாள் ஆறு என்று தோன்றும். மகள் அலமாரிக் கதவிலிருந்து விதிகளைப் பிய்த்து எடுக்கலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம், இருக்கட்டும் என்றார். நான் அந்த நாட்களில் மாடிப்படியில் அவரைப் பார்த்திருக்கிறேன். வணக்கம் சொன்னால் ஒரு நொடி கழித்துத்தான் பதில் வரும்.

முடிவு வந்தபோது அவரும் வாய்தாவும் மூடிய ஒரு ரொட்டிக் கடையில் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். சாவியக்காவின் போன் அதிர்ந்தது. அவர் எடுக்கவில்லை. பாதியில் விட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டும். உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. வாய்தா பொறுக்க முடியாமல் அவர் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தான்.

"அக்கா, தேறிட்ட."

கடைசித் தட்டை அடுக்கி, எண்ணை எழுதிவிட்டு, "பேரைப் பாரு, என் பேருதானா?" என்றார். அவன் பேரையும் பதிவெண்ணையும் வாசித்தான். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் மாவு படிந்த மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நீ நாலைத்தான் விட்டு வச்சிருக்க."

"அப்படிச் சொல்ல முடியாது. ஆறு எழுதியிருந்தாலும் மத்த மார்க்குல தேறியிருக்கலாம்."

"தேறியாச்சுல்ல? விடேன்க்கா."

"எப்படிடா விடுறது? தப்பா எழுதியும் தேறியிருந்தா?"

வாய்தா, அடுத்த தேர்வைத் தள்ளிப்போடாமல் எழுதப்போவதாக மட்டும் சொன்னான். அவன் உண்மையிலேயே தள்ளிப்போடவில்லை. சாவியக்காவுக்கு உரிமம் கையில் வந்தது, கையெழுத்துப் போடுகிறார். ஆனால் அந்தத் திங்கட்கிழமை எதை அடித்தார் என்பது இன்று வரைக்கும் அவருக்குத் தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை.

இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரிந்த யாராவது, நொடிப்புத் தொழில் தேர்வோ சட்டப் புத்தகத்தோடு எழுதுகிற வேறு எந்தத் தேர்வோ எழுதப்போகிறார் என்றால், தயவுசெய்து இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். வேலையில் கெட்டிக்காரராக இருப்பவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர்களுக்குத்தான் இந்தத் தப்பு வரும். புத்தகத்தில் எந்தத் தேதி வரையிலான பக்கங்கள் இருக்கின்றன என்று கடை திறந்திருக்கிற ஒரு நாளில் பார்த்துவிடச் சொல்லுங்கள். அவர் வேறொருவரிடம் சொல்லட்டும்.